வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முதல்: யாழ்ப்பாணத்தில் முதுமைச் செலவுக்கும் சொத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சொத்துப் பிரிப்பது ஒன்றும் புதிய காரியமல்ல. மகளுக்குச் சம்பந்தம் பொருந்தினால் வீடு சீதனத்தில் போகும். மிச்சக் காணி மகன்மாருக்கு. தோட்டக்காணியில் ஒரு துண்டை விற்றுக் கடைசிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதெல்லாம் பெற்றோருக்கு அறுபது வயதாகும் முன்னமே முடிந்துவிடும். அப்புறம் எழுபத்தெட்டு வயதில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்தான், இனி யார் பார்ப்பது, எந்தக் காசில் பார்ப்பது என்ற பேச்சே தொடங்கும். அந்த நேரம் பெற்றோர் பெயரில் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ ஒரு பரப்புக் காணிகூட இருக்காது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கடைசிக் காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் பிள்ளைகளுக்கு. கேட்கச் சுயநலம் மாதிரித் தெரியலாம். ஆனால் கையில் ஒன்றும் இல்லாத தாய் தகப்பனை மூன்று நாட்டில் இருக்கிற நாலு பிள்ளைகள் வட்ஸ்அப்பில் பங்குபோட்டுப் பார்ப்பது எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

55க்கும் 70க்கும் இடையில் இருப்பவர்கள் இதைத் தாங்களே செய்யலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து செய்துகொடுக்கலாம்.

படி 1: இருப்பதை எழுதுங்கள், எப்படி வந்தது என்றும் எழுதுங்கள்

ஒரு சிஆர் கொப்பி போதும். காணி, வீடு, வங்கிக் கணக்கு, நிலையான வைப்பு, நகை, ஓய்வூதியம், காப்புறுதி, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். மற்ற ஊர்களில் இந்தப் பட்டியலோடு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு இன்னொரு நிரல் வேண்டும்: அந்தச் சொத்து எந்த வழியில் வந்தது?

காரணம் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை எழுத்தில் தொகுத்த எங்கள் வழக்கங்கள் 1806இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாகின. இன்று திருமணச் சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் பொருந்துவது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1947இல் அதற்கு வந்த திருத்தமும். அதன்படி ஒருவரின் சொத்து ஒரே குவியல் அல்ல. பெற்றோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது சீதனம். திருமணத்துக்குப் பிறகு உழைத்துச் சம்பாதித்து வாங்கியது தேடியதேட்டம். ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகும். அவருடைய தேடியதேட்டத்தில் பாதி துணைக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் சேரும். முதுசமும் சீதனமும் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கே போகும், துணைக்கு அதில் பங்கில்லை. பிள்ளைகள் இல்லையென்றால் சொத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்து உறவை நோக்கித் திரும்பும்.

இதை எங்கள் ஊர் நடைமுறையோடு சேர்த்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து ஆண் பெரும்பாலும் மனைவியின் சீதன வீட்டில்தான் வாழ்கிறார். நாற்பது வருடம் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியவர், மதில் கட்டியவர், குழாய்க்கிணறு அடித்தவர் அவர். மனைவி மரணசாசனம் எழுதாமல் முதலில் கண்மூடினால் வீடு பிள்ளைகளுடையது. அவர் அங்கே இருப்பது பிள்ளைகளின் தயவில். பிள்ளைகளில் ஒருவர் தன் பங்கை விற்க வெளிக்கிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதேபோல, கணவனின் முதுசக் காணியில் வீடு கட்டி வாழும் பெண்ணுக்கும் அதே நிலைமைதான். பலர் "எங்கட வீடு" என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள், உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்துப் பார்த்தால் ஒருவருடைய வீடாகத்தான் இருக்கும். ஆகவே கொப்பியில் ஒவ்வொரு சொத்துக்கும் நேரே யாருடைய பெயர், எந்த வழி, எந்த வருடம் என்று எழுதுங்கள். இந்த ஒரு நிரல்தான் பின்னால் எல்லா முடிவுக்கும் அடிப்படை.

தம்பதியில் ஒருவர் தேசவழமைக்கு உட்படாதவர் என்றால் கவனம். தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்த வெளிப்பெண்ணுக்கு அந்தத் திருமணம் நிலைக்கும்வரை தேசவழமை பொருந்தும். தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளி ஆணை மணந்தால் அந்தக் காலத்துக்கு அவருக்குப் பொருந்தாது.

படி 2: காணித் தாள்களைச் சரிப்படுத்துங்கள்

பராமரிப்புக்குக் காசு வேண்டும் என்று காணியை விற்கப் போகும்போதுதான் உறுதியில் ஓட்டை தெரியும். விற்பது இரண்டு மாத வேலை, ஓட்டையை அடைப்பது சிலவேளை இரண்டு வருட வேலை. அதனால் அவசரம் வருவதற்கு முதலே பார்த்துவிடுங்கள்.

உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்க்கவேண்டியது: காணி இன்னும் அப்பப்பாவின் பெயரில் நிற்கிறதா, பிரிபடாத பங்கா, ஈடு அல்லது ஒற்றி மீட்கப்படாமல் கிடக்கிறதா, கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா. கடைசி இரண்டையும் பலர் அசட்டை செய்வார்கள். பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டுக்காரருக்கு விற்று மதில் எழும்பிய பிறகு, உங்கள் பின்காணிக்குப் போக வழியில்லை என்றால் அதன் விலை பாதிக்குப் பாதி விழுந்துவிடும்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். மூலம் போனால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. நொத்தாரிசு முடித்த ஒவ்வொரு உறுதிக்கும் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இந்த மூன்றும் தெரிந்தால் தேடுவது இலகு. அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யாத உறுதி லாச்சிக்குள் கிடந்தால் இன்றே பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிந்தி எழுதிய உறுதி முந்திப் பதியப்பட்டால் முன்னுரிமை அதற்குப் போகலாம்.

பங்காளிகளில் ஒருவர் யுத்தத்தில் காணாமற்போனவர் என்றால் காணி அப்படியே உறைந்து நிற்கும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இப்படியானவர்களுக்கு மரணத்தைப் பதிய வழி செய்தது. மரணம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பங்களுக்காக, அவர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் 2016இல் வந்தது. எதை எடுப்பது என்பது அந்தத் தாயின் முடிவு. காணிக்காக அவரை யாரும் நெருக்கக் கூடாது.

பங்குக் காணியை விற்பதானால் இன்னொன்று. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டுப் பங்காளிக்கும் உங்கள் வாரிசாக வரக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் விற்பனையே வழக்கில் மாட்டும். இயலுமென்றால் எல்லோரும் சம்மதித்து ஒரு பிரிவினை உறுதி முடித்துவிடுங்கள். 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் தீர்ப்பைப் பேரன் கேட்கக்கூடும்.

படி 3: பராமரிப்புக் கணக்கு

இந்தக் கணக்கைப் போட ஒருவருக்கும் மனம் வராது. ஆனால் போடாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

முதுமையை மூன்று கட்டமாகப் பாருங்கள். தானாக நடமாடும் காலம், காலை மாலை ஒருவரின் உதவி தேவைப்படும் காலம், கட்டிலோடு இருக்கும் காலம். முதலாவதில் பெரிய செலவு இல்லை, இருக்கிற ஓய்வூதியத்தோடு சமாளிக்கலாம். மூன்றாவது கட்டம்தான் சேமிப்பைக் கரைக்கும்.

அந்த மூன்றாம் கட்டத்துக்கு வீட்டோடு நின்று பார்க்கும் ஒருவரின் சம்பளத்தை உங்கள் பகுதியில் விசாரித்து எழுதுங்கள். அவருக்கும் சாப்பாடு போடவேண்டும், பொங்கலுக்கும் நல்லூர்த் தேருக்கும் அவர் வீட்டுக்குப் போவார், அந்த நாட்களுக்கு இன்னொரு ஆள் பிடிக்கவேண்டும். ஆள் எடுத்துக்கொடுக்கும் இடத்துக்குத் தரகு. பெரியவர்களுக்கான பம்பஸ், கையுறை, மருந்து, சத்துமா, இரத்தப் பரிசோதனை, வீட்டுக்கு வந்து பார்க்கும் வைத்தியருக்கான கட்டணம், உடற்பயிற்சிச் சிகிச்சை, ஓட்டோ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், யாழ் போதனா வைத்தியசாலை எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வார்ட்டில் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். பிள்ளை ஊரில் இல்லையென்றால் அதற்கும் நாட்கூலி.

இவற்றோடு ஒரே தடவைச் செலவுகள். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கொமட் கதிரை. எங்கள் பழைய வீடுகளில் கழிப்பறை கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும், நடுவில் ரெண்டு படி, ஒரு வாய்க்கால், இரவில் ஒரு மங்கல் பல்ப். படுக்கையறையோடு ஒட்டி ஒரு கழிப்பறை கட்டி, சுவரில் கைப்பிடி பூட்டி, வழுக்காத தரை போடுவதுதான் முதுமைக்குச் செய்யும் முதலீடுகளில் ஆக நல்லது. விழாமல் இருப்பவருக்குப் பராமரிப்புச் செலவு பல வருடம் தள்ளிப்போகும். விறாந்தையைப் பெரிதாக்க நினைக்கிறவர்கள் அந்தக் காசை இதற்குப் போடலாம்.

சரி, ஒரு உதாரணக் கணக்கு. கீழே வருவது சந்தை விலை அல்ல, உங்கள் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் கட்டத்துக்கு மாதம் 1,00,000 ரூபா என்றும், அது ஐந்து வருடம் நீடிக்கும் என்றும், விலைவாசி ஆண்டுக்கு 7 வீதம் ஏறும் என்றும் வைப்போம். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 69 இலட்சம். ஓய்வூதியம் 45,000, ஒரு கடையறை வாடகை 20,000 என்று மாதம் 65,000 வருமானம் இருந்தால் ஐந்து வருடத்தில் 39 இலட்சம் வரும். துண்டு விழுவது 30 இலட்சம். அது ஒரே அளவாக விழாது என்பதைக் கவனியுங்கள். முதல் வருடம் மாதம் 35,000 போதாமல் இருந்தது ஐந்தாம் வருடத்தில் 66,000 ஆகிவிடும், ஏனென்றால் செலவு ஏறுகிறது, வருமானம் நின்ற இடத்தில் நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் முதல் வருடத்தை மட்டும் பார்த்து "சமாளிக்கலாம்" என்று முடிவெடுக்கின்றன.

7 வீதம் என்பதும் அமைதியான காலத்துக் கணக்கு. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்கு முந்தியதை விட 69.8 வீதம் கூடியிருந்தது. ரூபாவில் மட்டும் சேமித்தவர்கள் அந்த வருடம் பட்டபாடு நினைவிருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தரப்போகும் பங்கை ரூபாவில் பேசாமல் டொலரிலோ பவுணிலோ பேசிக்கொள்ளுங்கள்.

துண்டு விழும் 30 இலட்சத்துக்கு எங்கே போவது? நிலையான வைப்பு முதல் வழி, ஆனால் வட்டியை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. நெருக்கடி உச்சத்தில் 20 வீதத்துக்கு மேல் கொடுத்த வங்கிகள் இரண்டே வருடத்தில் பத்துக்குக் கீழே இறங்கின. 60 வயது தாண்டியவர்களுக்கான தனி வட்டி விகிதம் உண்டா என்று வைப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கேளுங்கள். கூடுதல் வட்டிக்காக முழுத்தொகையையும் ஒரே நிதி நிறுவனத்தில் போடவேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வங்கியில் யாரும் வலியக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள், கேட்டு வாங்கி நிரப்பவேண்டும்.

இரண்டாவது வழி, ஒரு துண்டுக் காணியை இதற்கென்றே ஒதுக்கிவைப்பது. வீடு அல்லாத, பாதையோரமான, தனி உறுதியும் வரைபடமும் உள்ள ஒன்று. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: "இது எங்கட வருத்தத்துக்கு. மிஞ்சினால் உங்களுக்கு." மூன்றாவது, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுப்பது. பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, அரச அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆள் கிடைக்கும், இரவில் வீட்டில் ஒரு துணையும் இருக்கும்.

வெளிநாட்டில் போய்ப் பிள்ளைகளோடு இருப்பதை ஒரு திட்டமாக எண்ணுபவர்களுக்கு: கனடாவின் சுப்பர் விசாவில் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம், ஆனால் குறைந்தது ஒரு வருடத்துக்கு 1,00,000 கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். வயதும் வருத்தமும் கூடக்கூட அந்தக் கட்டுப்பணம் ஏறும். நடமாடும் காலத்துக்குச் சரி, கட்டில் காலத்துக்குச் சரிவராது.

முதியோர் இல்லம் என்றதும் முகம் சுளிக்கும் ஊர் இது. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. சமய, சமூக நிறுவனங்கள் நடத்துபவை இருக்கின்றன, மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இடங்களும் வந்துவிட்டன. போய்ப் பாருங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போனால் நல்லது. கட்டிலோடு ஆனவரையும் வைத்துப் பார்ப்பார்களா, இரவில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார் என்று கேளுங்கள். தனிவீட்டில் ஒரு கமராவும் ஒரு வேலைக்காரப் பெண்ணுமாக இருப்பதைவிட, நாலு பேரோடு பேசிக்கொண்டு இருப்பது சிலருக்கு நல்லதாகவே அமைகிறது.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். எல்லாக் குடும்பத்திலும் ஊரில் நின்று பார்க்கும் பிள்ளை ஒன்று இருக்கும், அனேகமாக ஒரு மகள் அல்லது மருமகள். காசு அனுப்பும் பிள்ளைகளின் பங்கு வங்கிக் கணக்கில் தெரியும், இரவில் எழும்பிப் புரட்டிப் படுக்கவைத்தவரின் பங்கு எதிலும் தெரியாது. அவருக்கு மாதம் ஒரு தொகை, அல்லது மரணசாசனத்தில் கூடுதல் ஒரு துண்டு என்று பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்கவேண்டும். காசும் உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம்) வராமல் பெற்றோரின் பெயரில் உள்ள ஒரே வங்கிக் கணக்குக்கு வரட்டும். அரைவாசிச் சண்டை அதிலேயே குறையும்.

படி 4: உறுதியா, மரணசாசனமா?

இப்போதுதான் எழுதிக் கொடுக்கும் பேச்சுக்கு வருகிறோம். பராமரிப்புக்கு ஒதுக்கியதைத் தொடவேண்டாம். மிச்சத்துக்கு மூன்று வழி உண்டு.

அறுதி உறுதி, அதாவது விற்பனை. பிள்ளைக்கு அறுதியாக எழுதி, காசு பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வைத்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. "நான் கடைசிவரை பார்ப்பேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு அந்த உறுதியில் இடமில்லை. பராமரிப்பை எதிர்பார்த்து எழுதுபவர்கள் இந்த வழிக்குப் போகவே கூடாது.

நன்கொடை உறுதி. இதில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாம். வீடு மகளுக்கு, ஆனால் நீங்கள் இருக்கும்வரை அதில் குடியிருக்கவும் வாடகை எடுக்கவும் உரிமை உங்களுக்கு. இங்கே ஒரு வரியைக் கவனியுங்கள். அம்மாவின் சீதன வீட்டை அம்மா எழுதும்போது சீவிய உரித்து அம்மாவுக்கு மட்டும் என்று எழுதிவிடுவார்கள். அம்மா போனால் அப்பா அந்த வீட்டில் யார்? "இருவரில் கடைசியாக உயிரோடு இருப்பவர் வரை" என்று எழுதச் சொல்லுங்கள். உறுதியை வாசித்துக் காட்டும்போது இந்த வரி காதில் விழவேண்டும். இல்லையென்றால் கையெழுத்து வைக்கவேண்டாம்.

சீவிய உரித்து கையில் இருந்தாலும் வீட்டை விற்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. வாடகை எடுக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் தனியாக ஒரு துண்டு வைத்திருக்கச் சொன்னது.

நன்கொடையில் மீட்கக்கூடியது, மீட்கமுடியாதது என்று இரண்டு விதம். மீட்கமுடியாது என்று எழுதிக்கொடுத்த பிறகு பிள்ளை மோசமாக நடந்தால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பாரதூரமான நன்றிகேடு என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் இரத்துச் செய்யக் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான் முக்கியம். எண்பது வயதில் சொந்தப் பிள்ளைக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவேண்டும். மீட்கக்கூடிய நன்கொடையாக எழுத நொத்தாரிசோ மாப்பிள்ளை வீட்டாரோ விரும்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

மனைவி தன் காணியை உறுதியால் கைமாற்ற, தேசவழமையின் கீழ் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காரணமில்லாமல் மறுத்தாலோ, விட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்தைப் பெறலாம். மரணசாசனத்துக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதானால் வழி முக்கியம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. அது இல்லாத பிள்ளைக்கு நன்கொடையாலோ மரணசாசனத்தாலோ வாரிசுரிமையாலோ போகலாம், விற்பனையால் போகமுடியாது. நன்கொடையைப் பெறுபவர் உறுதியிலேயே ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும். பிள்ளை வரமுடியாவிட்டால் அவருக்காக ஏற்பவர் யார் என்பதை முன்கூட்டியே நொத்தாரிசோடு பேசுங்கள்.

என் எண்ணத்தில், கலியாணச் சீதனம் போன்ற கட்டாயம் இல்லாதவரை மரணசாசனமே நல்லது. இருக்கும்வரை எல்லாம் உங்கள் கையில், மனம் மாறினால் மாற்றலாம், செலவு வந்தால் விற்கலாம்.

படி 5: மரணசாசனம் எழுதுதல்

சட்டத்தில் இறுதி விருப்பாவணம் என்பார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கவேண்டும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் இருக்கவேண்டும். ஐந்து சாட்சி முறை சட்டப்படி செல்லும். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த ஐந்து பேரையும் எங்கே தேடுவது? நொத்தாரிசிடமே போங்கள். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூடாது.

இலங்கைச் சட்டத்தில் உங்கள் சொத்தை யாருக்கும் எழுதலாம், ஒரு பிள்ளைக்குக் குறைத்தும் எழுதலாம். குறைத்தால் காரணத்தையும் ஒரு வரியில் சேர்ப்பது நல்லது: "மூத்த மகளுக்கு ஏற்கனவே இந்த இலக்கச் சீதன உறுதியால் கொடுத்துவிட்டபடியால்." சீதனம் வாங்கிய பிள்ளைக்கு மிச்சத்தில் பங்குண்டா என்ற வழக்கமான சண்டைக்கு அந்த ஒரு வரி பதில்.

முதல் படியில் சொன்ன சீதன வீட்டுச் சிக்கலுக்கும் மருந்து இதுதான். மனைவி, கணவனுக்குச் சீவிய உரித்தும் பிள்ளைகளுக்கு ஆதனமும் என்று எழுதலாம். கணவன் தன் முதுசத்துக்கு மறுவளமாக எழுதலாம். இருவரும் ஒரே நாளில் போய்த் தனித்தனியாக எழுதிவிட்டு வாருங்கள்.

சொத்தை நிர்வகித்துப் பிரிப்பவராக ஊரில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள். கனடாவில் இருப்பவரைப் போட்டால் வழக்குத் தவணைக்கெல்லாம் அவருக்கு விமானச் சீட்டு எடுக்கவேண்டும். எழுதுபவருக்கு எண்பது தாண்டியிருந்தால் அந்த வாரமே ஒரு வைத்தியரிடம், நினைவு தெளிவாக இருக்கிறது என்று கடிதம் வாங்கி நொத்தாரிசிடம் கொடுங்கள். துணையை இழந்தவர் மறுமணம் செய்தால் பழைய மரணசாசனம் செல்லாது, புதிதாக எழுதவேண்டும்.

படி 6: நினைவு தவறினால்

"அற்றோணி எழுதி வைத்திருக்கிறம், பயமில்லை" என்று பலர் சொல்வார்கள். அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் செயற்பட எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம், எழுதியவர் இறந்தால் அது முடிந்துவிடும் என்பது தெரிந்ததே. மறதி நோய் முற்றி, தான் என்ன செய்கிறோம் என்று விளங்காத நிலைக்கு அவர் போனாலும் அதை நம்பி நடக்கமுடியாது. அதாவது, அது தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும். அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, அவருடைய சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கக் கேட்பதுதான் வழி.

ஆகவே நினைவு நன்றாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்யுங்கள். பராமரிப்புக் காசு உள்ள கணக்கை, இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். மற்றக் கணக்குகளுக்குப் பெயர் நியமனம் கொடுங்கள். நியமனமும் மரணசாசனமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. ஒதுக்கிய துண்டுக் காணியை, முதல் அறிகுறி தெரிந்த உடனேயே விற்றுக் காசாக்குவதா என்று முடிவெடுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கட்டிய பில்லை மறுபடி கட்டுவது, தெரிந்த ஒழுங்கையில் வழி தவறுவது, இவை வந்தால் "வயசு போனா அப்படித்தான்" என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எப்படியான வைத்தியம் வேண்டும், கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டுமா, இயந்திரத்தில் வைப்பதா என்ற விருப்பத்தையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். நீதிமன்றத்துக்காக அல்ல, விடியப்புறம் மூன்று மணிக்கு முடிவெடுக்கப்போகும் பிள்ளைக்காக.

படி 7: அரசிடம் இருந்து வருவது

60 வயதானதும் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுங்கள். வருமானம் குறைந்த, 70 தாண்டியவர்களுக்கு அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம் வழியாக ஒரு கொடுப்பனவு உண்டு, விதானையாரிடம் (கிராம சேவையாளரிடம்) விசாரிக்கலாம். அரச ஓய்வூதியக்காரர் தன் திருமணப் பதிவும் துணையின் பெயரும் ஓய்வூதியக் கோப்பில் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், கலியாணப் பதிவில் இன்னொரு பெயர் என்று இருந்தால் விதவை ஓய்வூதியம் இழுபடும். அதைச் சத்தியக்கடதாசியோடு இப்போதே திருத்துவது இலகு.

பிள்ளைகள் கைவிட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன்னைத் தானே பார்க்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரி அதற்கென்று அமைந்த சபையில் விண்ணப்பிக்கலாம். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் கட்டளை கிடைத்தாலும் காசு வாங்குவது கடினம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் உதவும்.

படி 8: அந்த முதல் மாதம்

ஒருவர் இறந்தால் அவர் தனிப் பெயரில் உள்ள கணக்கு நின்றுவிடும். செத்தவீட்டுச் செலவு, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் ஒரு மாதத்துக்குள் வந்துபோகும். ஊர் மரண சகாய சங்கத்தில் சந்தாவை விடாமல் கட்டுங்கள், அதற்கு மேல் தேவைப்படுவதைக் கூட்டுக் கணக்கில் தனியாக வையுங்கள். எவ்வளவு சிறப்பாகச் செய்யவேண்டும் என்பதையும் நீங்களே எழுதிவைத்தால், பிள்ளைகள் ஊருக்குப் பயந்து கடன்படமாட்டார்கள்.

உறுதிகள், மரணசாசனப் பிரதி, வங்கிப் புத்தகங்கள், லொக்கர் திறப்பு, கொப்பி எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். இருக்கும் இடம் இரண்டு பேருக்குத் தெரியவேண்டும், ஒருவர் ஊரில் இருப்பவராக இருக்கவேண்டும். வெளிநாட்டில் உள்ளவருக்கு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். நகைகளை யாருக்கு எது என்று படத்தோடு எழுதுங்கள். அட்டியலுக்கு வரும் சண்டை காணிக்கு வரும் சண்டையை விட மோசம்.

மரணத்தைப் பதிந்ததும் மரணச் சான்றிதழில் பல பிரதிகள் எடுங்கள். வங்கி, ஓய்வூதியம், காப்புறுதி, மரணசாசன வழக்கு, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஓய்வூதியக்காரர் என்றால் பிரதேச செயலகத்துக்கு அந்த வாரமே அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்டு, கணக்கில் விழுந்த ஓய்வூதியத்தை எடுத்துச் செலவழித்தால் பிறகு அதைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.